பிஎஸ்டியைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது: திருப்பூர் டிசைன் மேசைப் பாடங்கள்

ராத்திரி ஒன்பது மணிக்கு மெர்ச்சண்டைசரிடமிருந்து போன் வரும். "அண்ணா, நீங்க அனுப்புன ஃபைல் தொறக்கவே மாட்டேங்குதுங்க. பையருக்கு இன்னைக்கே அனுப்போணுங்க." போயிருப்பது நானூறு எம்பி பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு. வாங்கியவரிடம் ஃபோட்டோஷாப் கிடையாது. கடல் தாண்டி அதைப் பார்க்க வேண்டிய பையரிடமும், அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தாரிடமும், இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவசரத்துக்கு அதையே ஜேபிஜி ஆக்கி வாட்ஸ்அப்பில் படமாகத் தள்ளினால் எழுத்து மங்கும், அளவும் தெரியாது. திருப்பூர் பிரிண்டிங் பட்டறை, கரூர் வீட்டு ஜவுளி டிசைன் அறை, ஈரோட்டு டிடிபி கடை என்று எங்கே போனாலும் இந்தத் தொல்லை உண்டு. பிடிஎஃப் இதற்குச் சரியான மருந்து. ஆனால் சேவ் அஸ் போய் பிடிஎஃப் என்று தட்டிவிட்டால் மட்டும் சரியாகிவிடாது.

சேவ் பண்ணும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைத் திறக்கப்போவது யார், திறந்து என்ன செய்வார்? பார்த்து ஓகே சொல்கிறவருக்கு ஒரு பிடிஎஃப். ஆஃப்செட் அச்சகத்துக்கு இன்னொன்று. துணியில் ஸ்கிரீன் போடுகிற பட்டறைக்கு மூன்றாவது. ஒரே பிஎஸ்டியிலிருந்து இந்த மூன்றும் வரும். மூன்றுக்கும் ஒரே கோப்பை அனுப்புவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

இரண்டு கோப்பு வகைகளின் பிறவியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல சங்கதிகள் புரியும். பிடிஎஃப் 1993-இல் வந்தது. ஃபோட்டோஷாப்பில் லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகள், வந்தது 1994-இல், 3.0 பதிப்பில். லேயர் என்றாலே ஒன்றின் வழியாக மற்றொன்று தெரிவது. நிழல், மல்டிப்ளை, அரை ஒப்பாசிட்டி எல்லாம் அதில் அடக்கம். ஒன்றின் ஊடே இன்னொன்று தெரியும் இந்தத் தன்மையைப் பிடிஎஃப் ஏற்றுக்கொண்டது 1.4 பதிப்பில், 2001-இல்தான். அதற்கு முந்தைய 1.3-ஐ அடிப்படையாகக் கொண்ட பிடிஎஃப் எக்ஸ்-1ஏ என்ற அச்சுத் தரத்தை இன்றும் சில அச்சகங்கள் கேட்கின்றன. அந்தத் தரத்தில் ஊடே தெரியும் எதுவும் கூடாது, எல்லாவற்றையும் தட்டையாக்கியாக வேண்டும். எக்ஸ்-4 தரம் அதை அப்படியே ஏற்கும். அச்சகக்காரர் "எக்ஸ் ஒன் ஏ-ல குடுங்க" என்றால் வீம்புக்குக் கேட்கவில்லை. அவருடைய பிளேட் எடுக்கும் அமைப்பு அதற்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு டிக்

ஃபோட்டோஷாப்பில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில், முதல் பக்கத்திலேயே "பிரிசர்வ் ஃபோட்டோஷாப் எடிட்டிங் கேப்பபிலிட்டீஸ்" என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டபடியே இருந்தால், வெளியே போகும் பிடிஎஃப்பின் வயிற்றுக்குள் மொத்த லேயர்களும் ஒளிந்து போகும். பார்க்கிறவர் அடோபி ரீடரில் ஒரு பக்கப் படத்தைத்தான் காண்பார். அதையே ஒருவர் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் லேயர் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும், கண்ணை மூடி வைத்த லேயர்களும் சேர்த்து.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், திருப்பூரில் ஒரு டிசைன் கோப்பை மூன்று நான்கு பையர்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வழக்கம். மறைத்து வைத்த லேயரில் போன சீசனின் வேறொரு பிராண்டு லோகோ இருக்கும். விலைக் கணக்கு எழுதிய குறிப்பு இருக்கும். இன்னும் சந்தைக்கே வராத நிற வரிசை இருக்கும். அது ஒரு பையரிடமிருந்து இன்னொரு பையரின் கையில் போய் விழுந்தால், வருஷக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை ஒரு மின்னஞ்சலில் போய்விடும். கோப்பின் கனமும் இதே டிக்கால்தான் ஏறுகிறது. 3 எம்பியில் முடிய வேண்டியது 300 எம்பி ஆவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் இதுவே.

டிக்கை எடுத்துவிட்டோமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. செய்து முடித்த பிடிஎஃப்பை ஃபோட்டோஷாப்பிலேயே திறந்து பாருங்கள். "இம்போர்ட் பிடிஎஃப்" என்ற பெட்டி வந்து எந்தப் பக்கம், எந்த ரெசொல்யூஷன் என்று கேட்டால் கோப்பு சுத்தம். எதையும் கேட்காமல் நேராக லேயர்களோடு திறந்தால், அனுப்ப வேண்டாம்.

டிக்கை எடுத்தால் எழுத்தெல்லாம் பிக்சலாகிவிடுமே என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. சேவ் அஸ் பெட்டியில் லேயர்ஸ் என்ற டிக் இருக்கும்வரை, டைப் லேயரும் ஷேப் லேயரும் வெக்டராகவே, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர் கெடாத கோட்டு வடிவமாகவே, பிடிஎஃப்புக்குள் போகும். எழுத்து கெடுவது, எல்லா லேயரையும் ஒரே படமாக்கும் ஃப்ளாட்டன் இமேஜை முன்கூட்டியே அடிப்பதால். கனத்தைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஃப்ளாட்டன் செய்துவிட்டுப் பிடிஎஃப் போடுவது, மூட்டையைக் குறைக்க அரிசியைக் கொட்டிவிட்டுப் போவது மாதிரி.

வேலை நடக்கும் வரிசை

மூல பிஎஸ்டியை முதலில் சேமித்துவிட வேண்டும். பிறகு இமேஜ் மெனுவில் டூப்ளிகேட். வரும் பெட்டியில் மெர்ஜ்டு லேயர்ஸ் ஒன்லி என்பதைத் தொடாமல் நகல் எடுக்க வேண்டும். இனிமேல் தொடுவதெல்லாம் நகலை மட்டுமே. மூலத்தில் கை வைத்து மறதியாகச் சேவ் அடித்தால் திரும்பி வர வழியில்லை.

நகலில் லேயர் மெனுவுக்குப் போய் டிலீட், ஹிடன் லேயர்ஸ். மறைந்திருப்பது எல்லாம் ஒரே அடியில் போய்விடும். அடுத்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகளைப் பாருங்கள். மார்புப் படத்தில் சின்னதாகத் தெரியும் ஒரு பூவுக்குள், அசல் 6,000 பிக்சல் ஃபோட்டோ முழுசாக உட்கார்ந்திருக்கும். ரைட் கிளிக் செய்து ராஸ்டரைஸ் கொடுத்தால் தேவையான அளவு மட்டும் நிற்கும். கிராப் செய்தபோது "டிலீட் கிராப்டு பிக்சல்ஸ்" போடாமல் விட்டிருந்தால், வெட்டியது போலத் தெரியும் ஓரங்களும் உள்ளேயே இருக்கும். அதே அளவில் டிக்கோடு இன்னொரு முறை கிராப் செய்தால் போதும்.

பிறகு, படமாக உள்ள லேயர்களை மட்டும் தேர்ந்து கன்ட்ரோல்-ஈ அடித்து ஒன்றாக்க வேண்டும். எழுத்து லேயர்கள் மேலே தனியாக நிற்கட்டும். எழுத்துக்கு மேலே நிழல் விழும் லேயரோ டெக்ஸ்சர் லேயரோ இருந்தால் இந்த இடத்தில் நிதானம் வேண்டும். அதை எழுத்துக்குக் கீழே இறக்கினால் தோற்றம் மாறும், மாறாமல் இருக்க வேண்டுமானால் அந்த எழுத்தையும் படத்தோடு சேர்த்துவிடத்தான் வேண்டும். தலைப்பு போன்ற பெரிய எழுத்தைச் சேர்த்தால் நஷ்டம் குறைவு. வாஷ்கேர் லேபிளில் வரும் 5 பாயின்ட் எழுத்தைச் சேர்த்தால் அச்சில் முள் முளைக்கும்.

பிட் ஆழம் 8 ஆக இருக்கிறதா என்று மோடு மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். 16 பிட்டில் விட்டால் கோப்பு இரட்டிப்பாகும், அச்சில் பலன் தெரியாது.

இனி சேவ் அஸ், ஃபோட்டோஷாப் பிடிஎஃப். ப்ரீசெட்டில் ஹை குவாலிட்டி பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன டிக்கை நீக்க வேண்டும். கம்ப்ரெஷன் பக்கத்தில், 450 பிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் இருக்கும் பிக்சல் எண்ணிக்கை) மேல் இருக்கும் படத்தை 300-க்கு இறக்கு என்று வழக்கமாக இருக்கும். அச்சுக்கு அது போதும். அதற்குக் கீழே ஜேபெக்கா (ஜேபிஜிதான்), ஜிப்பா என்ற தேர்வை ஒருவரும் கவனிப்பதில்லை. ஃபோட்டோ உள்ள ஆர்ட்வொர்க்குக்கு ஜேபெக் சரி. நாலு தட்டை நிறத்தில் இருக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் ஆர்ட்வொர்க்குக்கு ஜிப்தான் நல்லது. ஜேபெக் கொடுத்தால் சிவப்பு ஓரங்களில் புழுதி படிந்த மாதிரி புள்ளிகள் வரும். அதைப் பார்த்துக் கலர் செபரேஷன் எடுப்பவர் இல்லாத நிறங்களை எல்லாம் பிரிக்கத் தொடங்குவார். ஜிப் எதையும் இழக்காது. தட்டை நிறப் படத்துக்குக் கனமும் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ் என்ற ப்ரீசெட்டைக் கண்டதும் கை போகும். அது படத்தை 100 பிபிஐக்கு இறக்கி, நிறத்தை எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற முறைக்கு மாற்றிவிடும். பார்த்து ஓகே சொல்வதற்கு அது போதும். அச்சகத்துக்கு அதை அனுப்பவே கூடாது. கோப்புப் பெயரில் வேறுபாடு இல்லாவிட்டால் இரண்டும் இடம் மாறிப்போகும், ஆகவே பெயரிலேயே "அப்ரூவல்", "பிரஸ்" என்று போடுவது எங்கள் பழக்கம்.

அப்ரூவலுக்குப் போகும் கோப்பு எப்போதும் திரைக்கான நிற முறையான ஆர்ஜிபியில் இருக்கட்டும். நான்கு மை அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் உள்ள பிடிஎஃப்பைப் போனில் திறந்தால், சில செயலிகள் நிறச் சுயவிவரத்தைக் கண்டுகொள்ளாமல் காட்டும். பச்சை கண்ணைக் குத்தும், அல்லது எல்லாமே வெளுத்துத் தெரியும். பையர் பார்ப்பது பெரும்பாலும் போனில்தான். அவர் கண்டது ஒன்று, நாம் அனுப்பியது ஒன்று என்றால், பிறகு ஸ்ட்ரைக்-ஆஃப் (துணியில் போட்ட மாதிரி அச்சு) போன அன்று சண்டைதான். ஏ4 பக்கத்துக்கு 150 பிபிஐ, அதாவது 1,240-க்கு 1,754 பிக்சல் இருந்தால் போனிலும் மடிக்கணினியிலும் தெளிவாகவே தெரியும்.

துணிக்குப் போகும் ஆர்ட்வொர்க்

இது எங்கள் ஊரின் தனிச் சிக்கல், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ட்ரான்ஸ்பரன்ட் பின்னணியில் இருக்கும் பிஎஸ்டியைப் பிடிஎஃப் ஆக்கினால் பக்கம் வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளை எழுத்து என்றால், பிடிஎஃப்பில் எழுத்தே இருக்காது. வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்து. வெற்றுப் பக்கம் வந்திருக்கிறது என்று பதில் வரும், அல்லது அதைவிட மோசமாக, வெள்ளை உள்ள பகுதியை யாரும் கவனிக்காமலே ஓகே வந்துவிடும். அடியில் துணி நிறத்தில் ஒரு லேயர் போட்டு அப்ரூவல் பிடிஎஃப் எடுக்க வேண்டும். ஸ்கிரீன் பட்டறைக்குப் போகும் கோப்பில் அதே லேயரை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் துணி நிறத்துக்கும் ஸ்கிரீன் செய்ய ஒரு பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்து வைத்திருப்பார்கள்.

அடர் நிறத் துணிக்கு, மற்ற நிறங்களுக்கு அடியில் ஒரு வெள்ளைப் படலம் அடிப்பார்கள். டிசைனர் அதைத் தனி லேயராக வரைந்திருப்பார். பிடிஎஃப்பில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் அந்த வெள்ளை மற்ற நிறங்களுக்கு அடியில் மறைந்துவிடும். பட்டறைக்காரர் எங்கே வெள்ளை வேண்டும், எங்கே துணியே தெரிய வேண்டும் என்பதை ஊகிக்க நேரும். இதற்கு நல்ல வழி, பிடிஎஃப்பில் தனிப் பக்கமாக வெள்ளைப் படலத்தை மட்டும் கறுப்பில் காட்டுவது. நிறம் நான்கு என்றால், முழுப்படம் ஒரு பக்கம், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகக் கறுப்பில், வெள்ளைப் படலம் ஒன்று என ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் நான்கு மூலைக் குறிகள். இப்படி ஒரு பிடிஎஃப் போனால் பட்டறையிலிருந்து சந்தேகம் கேட்டு போன் வருவது ரொம்பவே குறையும்.

அளவுதான் அடுத்தது. மார்புப் படம் 28 செ.மீ. அகலம் என்று டெக் பேக்கில் (ஆடையின் விவரக் குறிப்பில்) இருக்கும். 300 பிபிஐயில் அது 3,307 பிக்சல். கோப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏ4 தாளில் அச்செடுத்துப் பார்க்கும்போது, தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் பிரிண்டர் "ஃபிட்" என்று சுருக்கிவிடும். அதை ஸ்கேல் வைத்து அளந்து, "அளவு கம்மியா இருக்குதுங்க" என்பார்கள், அல்லது அந்தச் சுருங்கிய தாளையே துணியில் வைத்து இடம் குறித்துவிடுவார்கள். ஆகவே ஆர்ட்வொர்க்கின் ஓரத்தில் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அதன் மேல் "இந்தக் கோடு 10 செ.மீ." என்று எழுதிவிடுகிறோம். அச்செடுத்தவர் கோட்டை அளந்தாலே அளவு சரியா என்று தெரிந்துவிடும். செலவில்லாத காரியம், ஆனால் ஒரு லாட் முழுதும் தப்பான அளவில் போவதைத் தடுக்கும்.

நிறத்தைத் திரையை நம்பி விடக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் பேன்டோன் என்ற நிறத் தொகுப்பின் எண்ணைப் பக்கத்திலேயே எழுத்தாக எழுத வேண்டும். துணிக்கான எண்ணின் கடைசியில் டிசிஎக்ஸ் என்று வரும், உதாரணமாக 19-4052 டிசிஎக்ஸ். காகிதத்துக்கான எண்ணின் கடைசியில் சி என்றோ யு என்றோ வரும். ஹேங்டேக்குக்கும் டீ-ஷர்ட்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று: 2022-இன் கடைசியில் பேன்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பாலானவை அடோபி மென்பொருள்களிலிருந்து நீக்கப்பட்டன. அதன்பிறகு பழைய பிஎஸ்டி சிலவற்றைப் புதிய பதிப்பில் திறந்தால் ஸ்பாட் நிறம் (தனி மையாகக் குறித்த நிறம்) கறுப்பாக வரும். பழைய சீசன் கோப்பைத் தட்டி எடுத்து அனுப்புகிறவர்கள், எண் எழுத்தில் இருந்தால் மட்டுமே இதில் தப்பலாம்.

தமிழ் எழுத்து

கல்யாணப் பத்திரிகை, கோவில் கும்பாபிஷேக அழைப்பிதழ், கடைத் திறப்பு விழா நோட்டீஸ் என்று வந்தால் தமிழ் எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "கொ" என்பதில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வர வேண்டும். யூனிகோடில் இது கணினிக்குள் வேறு வரிசையில் சேமிக்கப்பட்டு, காட்டும்போது இடம் மாற்றி அடுக்கப்படுகிறது. அந்த அடுக்கும் வேலை பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் இல்லை. கொம்பும் காலும் பிரிந்து கண்ட இடத்தில் நிற்கும். பின்னால் வந்த பதிப்புகளில், டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, பாராகிராஃப் பலகையில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால் சரியாக வரும். பழைய கோப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு டைப் லேயரையும் சரிபார்க்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்தே இன்னும் நிறைய டிடிபி கடைகளில் பாமினி, வானவில் வகை எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே இருக்கிறது. எழுத்துரு பிடிஎஃப்போடு போகாவிட்டால் வாங்குகிறவர் பார்ப்பது அந்த ஆங்கிலக் குப்பையைத்தான். போனாலும், அந்தப் பிடிஎஃப்பில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, நகல் எடுத்து ஒட்டினாலும் குப்பையே வரும்.

எழுத்துரு உள்ளே போயிருக்கிறதா என்று அடோபி ரீடரிலேயே பார்க்கலாம். ஃபைல் மெனுவில் ப்ராப்பர்டீஸ், அதில் ஃபான்ட்ஸ். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் "எம்பெடட்" அல்லது "எம்பெடட் சப்செட்" என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகலில் டைப் மெனு போய் கன்வர்ட் டு ஷேப் கொடுத்துவிடுங்கள், எழுத்து வடிவமாகிவிடும். எழுத்துருவில் தடித்த வகை இல்லாமல், ஃபோ போல்டு என்ற செயற்கைத் தடிப்பைப் போட்டிருந்தால் இந்தக் கட்டளை வேலை செய்யாது. கேரக்டர் பலகையில் அதை எடுத்துவிட்டு, தடிப்பு வேண்டுமானால் மெல்லிய ஸ்ட்ரோக் கொடுக்கலாம்.

வடிவமாக்கிய பின் பெயரைத் திருத்த முடியாது. கொங்கு நாட்டுப் பத்திரிகையில் குலம், காணிக் கோவில், இரு வீட்டுத் தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, மாமன் வரிசை என்று பெயர்கள் ஒரு பக்கத்தை நிறைக்கும். அச்சுக்குப் போகிற அன்று காலையில் "ஒரு மாமா பேரு உட்டுப்போச்சுங்க" என்று வருவார்கள். விட்டுப்போனவருக்கு அது வெறும் எழுத்துப் பிழை இல்லை, ஆண்டுக்கணக்கில் மனதில் நிற்கும். அதனால்தான் மூல பிஎஸ்டியில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

ஆஃப்செட்டுக்குப் போகும் சின்ன எழுத்தில் இன்னொரு கண்ணி. ஆர்ஜிபியில் கறுப்பாக இருக்கும் எழுத்தைச் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அது நான்கு மையிலும் பிரியும். ஃபோட்டோஷாப்பில் வழக்கமாக வரும் ஸ்வாப் என்ற அச்சு நிறச் சுயவிவரத்தில் அது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். மொத்தம் 300 விழுக்காடு மை. நான்கு பிளேட்டும் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் கசியும். மோடை மாற்றிய பின், ஒவ்வொரு எழுத்து லேயரையும் தேர்ந்து மற்ற மூன்றும் சுழியம், கறுப்பு மட்டும் 100 என்று கைப்பட நிறம் கொடுக்க வேண்டும். மாற்றும்போது "ஃப்ளாட்டன் செய்யலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ப்ளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டி விடும் ஓரம்) என்று தனி எல்லை கிடையாது. ஏ5 அழைப்பிதழ் என்றால் 148-க்கு 210 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. சேர்த்து 154-க்கு 216-இல் கேன்வாஸ் வைத்து, வெட்டும் இடத்தைக் கைட் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப்பில் அந்தக் கைட் போகாது, ஆகவே வெட்டிய பின் வர வேண்டிய அளவை அச்சகத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பல பக்கம், பெரிய பக்கம்

ஒரே டிசைனை ஐந்து நிறத் துணியில் காட்ட வேண்டுமென்றால் லேயர் காம்ப்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் லேயர்களைத் திறந்து மூடி ஒரு காம்ப் பதிவு செய்துவிட்டு, ஃபைல், எக்ஸ்போர்ட், லேயர் காம்ப்ஸ் டு பிடிஎஃப் கொடுத்தால் ஐந்து பக்கம் வந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேயர் தெரிகிறதா மறைகிறதா, எங்கே இருக்கிறது, என்ன எஃபெக்ட் என்பதையே காம்ப் நினைவில் வைக்கும். ஹியூ-சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மென்ட்டின் உள் எண்ணை வைக்காது. ஒரே அட்ஜஸ்ட்மென்ட் லேயரை மாற்றி மாற்றி ஐந்து காம்ப் எடுத்தால் ஐந்து பக்கமும் கடைசி நிறத்திலேயே வரும். நிறத்துக்கு ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும்.

தனித்தனி பிஎஸ்டிகளை ஒரே பிடிஎஃப்பாகக் கோர்க்க ஃபைல், ஆட்டோமேட், பிடிஎஃப் பிரசென்டேஷன். கோப்புகளுக்கு 1, 2, 10 என்று பெயர் வைத்தால் பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 01, 02 என்று தொடங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இந்த இரு வழிகளிலும் வந்த பிடிஎஃப்பை 800 விழுக்காடு பெரிதாக்கி, எழுத்து ஓரம் பார்த்த பிறகே அனுப்புவோம்.

ஃப்ளெக்ஸ் பேனர் வேறு கணக்கு. 10-க்கு 6 அடி பேனர் 72 பிபிஐயில் 8,640-க்கு 5,184 பிக்சல், அது போதும். அதையே 300-இல் செய்கிறேன் என்று தொடங்கினால் அகலம் 36,000 பிக்சல் ஆகும். பிஎஸ்டி 30,000-க்கு மேல் ஏற்காது, பிஎஸ்பி என்ற பெரிய கோப்பு வகைக்குப் போக வேண்டிவரும், கணினியும் திணறும். பிடிஎஃப்புக்கும் எல்லை உண்டு. வழக்கமான பிடிஎஃப் பக்கத்தின் ஒரு பக்கம் 200 அங்குலத்தைத் தாண்டாது, அதாவது 16 அடி 8 அங்குலம். 20 அடி பேனரை நாலில் ஒரு பங்கு அளவில் பிடிஎஃப்பாக்கி, "அளவு 1:4" என்று பக்கத்திலேயே எழுதி அனுப்ப வேண்டும். ஃப்ளெக்ஸ் மிஷினுக்குப் பெரும்பாலும் டிஃப் கோப்பையே கேட்பார்கள். பிடிஎஃப் வாடிக்கையாளர் பார்ப்பதற்கு.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு

காசில்லாமல் செய்ய ஃபோட்டோபீ நல்ல வழி. உலாவியிலேயே பிஎஸ்டியைத் திறக்கும், கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகாது, பிடிஎஃப்பாக எடுக்கலாம். வேறு பல இலவச மாற்றுத் தளங்கள் அப்படியில்லை, கோப்பைத் தங்கள் சர்வரில் ஏற்றித்தான் மாற்றுகின்றன. பையரின் ரகசிய டிசைனை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவே மாட்டோம். ஜிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும். பிடிஎஃப் எக்ஸ்போர்ட்டில் லேயர் ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக்கும் வசதியும் அதில் உண்டு, மேலே சொன்ன ஆறு பக்க வேலைக்கு உதவும். ஆனால் ஜிம்ப் 2.10 ஃபோட்டோஷாப்பின் லேயர் எஃபெக்ட்டுகளையும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களையும் எடுத்துக்கொள்வதில்லை. நிழலும் நிற மாற்றமும் காணாமல் போயிருக்கும்.

நூற்றுக்கணக்கில் மாற்ற வேண்டியவர்கள் இமேஜ்மேஜிக்கைக் கட்டளை வரியில் பயன்படுத்துகிறார்கள். பிஎஸ்டியின் பெயரை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு லேயரும் ஒரு பக்கமாகக் கொட்டும். பெயரை ஒட்டியே சதுர அடைப்புக்குள் சுழியம் போட்டால் சேர்ந்த படம் மட்டும் ஒரு பக்கமாக வரும். அந்தச் சேர்ந்த படம் பிஎஸ்டிக்குள் இருக்க வேண்டுமானால், ஃபோட்டோஷாப்பில் சேமிக்கும்போது மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி போட்டிருக்க வேண்டும். போடாத கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால், சேர்ந்த படம் சேமிக்கப்படவில்லை என்ற ஆங்கில அறிவிப்பு மட்டும் வெள்ளைப் பக்கத்தில் நிற்கும்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் என்று தேர்ந்தே அனுப்ப வேண்டும். கேலரி வழியாகப் போனால் படம் நசுங்கும். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி, அதற்கு மேல் டிரைவ் இணைப்பாகத்தான் போகும். அந்த இணைப்பில் யார் பார்க்கலாம் என்ற அனுமதியைத் திறந்துவிட மறந்தால், மறுநாள் காலை வரை பையர் காத்திருப்பார்.

பக்கத்தின் கீழ் மூலையில் ஸ்டைல் எண், தேதி, எத்தனையாவது திருத்தம் என்பதைச் சின்ன எழுத்தில் எப்போதும் போடுகிறோம். கோப்புப் பெயர் கைமாறும்போது மாறிவிடும், பக்கத்துக்குள் இருப்பது மாறாது. ஒரே டிசைனின் நாலு பிடிஎஃப்கள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். எதற்கு ஓகே வந்தது என்று கேட்டால், மெர்ச்சண்டைசர் மூலையைப் பார்த்து, "மூணாவது திருத்தந்தானுங்க, பதினாலாந் தேதி போட்டது" என்று சொல்லிவிடுவார். அதன்பிறகே ஸ்கிரீனுக்கு மெஷ் இழுப்போம்.